மெயில் போட்டாச்சு, மண்டபம் பூட்டு: அலுவலக மின்னஞ்சலை நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள்?

பாலைப்பழம் (கிளிநொச்சி)
செவ்வாய், இரவு 8.40

வணக்கம். கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட உத்தியோகத்தராக இருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், வன்னியில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

இன்று நடந்ததைச் சொல்கிறேன். துணுக்காய், மல்லாவிப் பக்கத்துப் பெண்கள் குழுக்களுக்கு முல்லைத்தீவில் ஒருநாள் பயிற்சி வைத்திருந்தோம், கணக்குப் புத்தகம் எழுதுவது பற்றி. வளவாளருக்குச் செவ்வாய் வர முடியாமல் போனதால் வியாழனுக்கு மாற்றினோம். வெள்ளிக்கிழமை பின்னேரம் நானே கள உத்தியோகத்தர்கள் ஆறு பேருக்கும் மெயில் போட்டேன். போட்ட நிம்மதியில் வீட்டுக்குப் போனேன்.

இன்று காலை பத்து மணிக்குப் போன். "பிள்ளை, மண்டபம் பூட்டிக் கிடக்கு. திறப்பு ஆரிட்ட?"

பத்தொன்பது பேர். மல்லாவியிலிருந்து மாங்குளம் வந்து, அங்கே பஸ் மாறி, ஒட்டுசுட்டான் தாண்டி முல்லைத்தீவு வந்திருக்கிறார்கள். இரண்டு பேர் கைக்குழந்தையோடு. ஒருவர் அன்றைய கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவர்.

கள உத்தியோகத்தரைக் கூப்பிட்டு, "தம்பி, மெயில் பார்க்கவில்லையா?" என்றேன். "பார்த்தேன் மிஸ். மாத அறிக்கை பற்றித்தானே?" என்றார்.

கோபத்தோடுதான் என் மெயிலை மறுபடி திறந்தேன். தலைப்பு, "ரீ: ரீ: மாத அறிக்கை". புதிதாக எழுதச் சோம்பலில் பழைய மெயிலுக்கே பதிலை அழுத்தியிருக்கிறேன். முதல் பந்தியில் அறிக்கைக்கு நன்றி. இரண்டாவதில் மோட்டார் சைக்கிள் பெற்றோல் பற்றுச்சீட்டு. மூன்றாவதில் யாருக்கு எப்போது லீவு. நாலாவது பந்தியின் கடைசி வரி: "மேலும், பயிற்சித் திகதியில் சிறு மாற்றம் உள்ளதென்பதையும் தயவுடன் அறியத்தருகிறேன். வியாழன் நடைபெறும்."

சிறு மாற்றமாம்.

பஸ் காசை நிறுவனம் கொடுத்துவிட்டது. போன நாளை யார் கொடுப்பது? எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். திட்டுவதென்றாலும் திட்டுங்கள்.


உழவுமெசின் (பரந்தன்)
செவ்வாய், இரவு 8.52

மெயிலை விடுங்கள் அக்கா. வட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் போட்டிருந்தால் அலுவல் முடிந்திருக்கும்.


ஓய்வூதியர் (வவுனியா)
செவ்வாய், இரவு 9.30

பிள்ளை, நான் முப்பத்தொரு வருடம் அரச கந்தோர்களில் இருந்தவன். இலிகிதராகச் சேர்ந்து பிரதம இலிகிதராக முடித்தேன். உங்கள் மெயிலில் இல்லாத ஒரு சாமான் எங்கள் கடிதத்தில் இருந்தது. மேலே "எனது இல.", அதற்குக் கீழே "உமது இல.", பக்கத்தில் திகதி, பிறகு கீழ்க்கோடிட்ட தலைப்பு. ஒரு கடிதத்தில் ஒரு விடயம்தான். ஏனென்றால் ஒரு கடிதம் ஒரு கோவைக்குள்தான் போகும். அறிக்கையையும் பெற்றோலையும் பயிற்சியையும் ஒரே தாளில் எழுதினால் அதை எந்தக் கோவையில் குத்துவது? பிரதம இலிகிதர் தாளைத் திருப்பி வீசுவார். பிற்காலத்தில் நானும் வீசியிருக்கிறேன்.

சீசீ போடுகிறீர்களே, அது கார்பன் பிரதி என்பதன் சுருக்கம். கார்பன் தாள் வைத்துத் தட்டச்சில் அடித்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். மூன்றாவது பிரதியில் "ன"வும் "ள"வும் ஒன்றாகத் தெரியும். ஐந்தாவதை வெளிச்சத்தில் பிடித்து வாசிக்க வேண்டும். தொண்ணூறுகளில் வன்னிக்குள் கடதாசிக்கே தட்டுப்பாடு. எழுதிய தாளின் மறுபக்கத்தில்தான் வரைவு எழுதுவோம். ஆகவே பிரதி யாருக்கு என்று யோசிக்காமல் ஒருவரும் போட மாட்டோம். போட்டாலும் பெயருக்குப் பக்கத்தில் "தகவலுக்காக" அல்லது "தேவையான நடவடிக்கைக்காக" என்று எழுதுவோம். வாங்குபவருக்கு வாசித்துவிட்டு வைப்பதா, எழும்பி வேலை செய்வதா என்று அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும்.

இப்போது ஒரு சொடுக்கில் நாற்பது பேருக்குப் போகிறது. அலுவலைச் செய்ய வேண்டியவர் யார் என்று நாற்பது பேருக்கும் தெரியாது.


பாலைப்பழம்
செவ்வாய், இரவு 9.48

ஐயா, "தேவையான நடவடிக்கைக்காக" என்பதை நாளையிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

உழவுமெசின் தம்பி, எங்களுக்கு வட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. காலை வணக்க ரோசாப்பூ, பிறந்தநாள் கேக், யாரோ தொலைத்த தேசிய அடையாள அட்டையின் படம், இவற்றுக்கு நடுவில் போட்ட திகதி இரண்டு மணித்தியாலத்தில் மேலே போய்விடும். கணக்காய்வு வந்து "எப்போது அறிவித்தீர்கள்" என்று கேட்டால் வொய்ஸைப் போட்டுக் காட்டவா?


அறிவியல்நகர்ப் பொடியன்
செவ்வாய், இரவு 10.15

அக்கா, பழைய மெயிலுக்குப் பதில் போட்டதுதான் முதல் பிழை. போனில் ஜிமெயில் ஒரே உரையாடலை ஒன்றாக மடித்து வைத்திருக்கும். அந்தத் தம்பி கண்டது "மாத அறிக்கை" என்ற பழைய தலைப்பைத்தான். புது விடயம் என்றால் புது மெயில். நான் இப்படி எழுதியிருப்பேன்:

தலைப்பு: திகதி மாற்றம் – முல்லைத்தீவுக் கணக்குப் பயிற்சி செவ்வாய் இல்லை, வியாழன்

"வணக்கம். செவ்வாய்க்கிழமைப் பயிற்சி நடக்காது. வியாழக்கிழமை காலை 9.30க்கு, அதே மண்டபத்தில். உங்கள் குழுத் தலைவிகளுக்குத் திங்கள் மதியத்துக்குள் சொல்லிவிட்டு, 'சொல்லியாச்சு' என்று எனக்கு மட்டும் பதில் போடுங்கள். பதில் வராதவர்களுக்குத் திங்கள் 2 மணிக்கு நான் போன் எடுப்பேன்."

மெயிலைத் திறக்காதவருக்கும் தலைப்பிலேயே செய்தி போய்விடும். "செவ்வாய் இல்லை" என்று பழைய நாளையும் சொல்ல வேண்டும். வெறுமனே வியாழன் என்றால் இது இன்னொரு பயிற்சி என்று நினைப்பார்கள். கடைசி வரி உங்களுக்குத்தான். அனுப்பியதோடு உங்கள் வேலை முடியவில்லை என்று நீங்களே எழுதிக்கொடுப்பது.

அப்புறம் பாமினி. இது என் வயிற்றெரிச்சல், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னும் எத்தனையோ அலுவலகங்களில் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு மெயிலில் ஒட்டுகிறார்கள். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்ட வேஷம். அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் வேஷம் கலைந்து, பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். தலைப்பு வரியில் எழுத்துருவை மாற்றவே வழி இல்லை, ஆகவே அங்கே பாமினி ஒருநாளும் சரிவராது. தேடினாலும் அகப்படாது. "எனக்கு அந்த விசைதான் பழக்கம்" என்பார்கள். பாமினி விசைகளையே வைத்துக்கொண்டு யூனிகோட்டில் அடிக்கலாம், என்.எச்.எம். ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் அந்த அமைப்பு இருக்கிறது. கை பழகியபடியே இருக்கும், எழுத்து மட்டும் எல்லாப் போனிலும் தெரியும்.


குளக்கட்டு (ஒட்டுசுட்டான்)
புதன், காலை 6.10

நான் அந்தத் தம்பியின் பக்கத்து ஆள், கள உத்தியோகத்தர். வேறு நிறுவனம். எங்கள் கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

உங்களுக்கு மெயில் என்றால் குளிரூட்டிக்குக் கீழே, பெரிய திரையில். எனக்கு மெயில் என்றால் மோட்டார் சைக்கிளை நிழலில் நிறுத்தி, கண்ணாடியில் வெயில் அடிக்க, விரல் அளவு இடத்தில் வாசிப்பது. நான் போகும் ஒரு கிராமத்தில் குளக்கட்டில் ஏறினால்தான் சிக்னல். இந்தப் பெயர் வந்ததே அதனால்தான். கட்டில் நின்று பத்து நிமிடம் இறக்குவேன், இறங்கிப் போய்விடுவேன். அந்தப் பத்து நிமிடத்தில் பதினான்கு படம் ஒட்டிய அறிக்கை ஒன்று உள்ளே வந்து வழியை அடைத்தால் மற்றது ஒன்றும் வராது. அந்தப் படங்களும் நான் எடுத்து அனுப்பியவைதான், எனக்கே "தகவலுக்காக" திரும்பி வருகின்றன. டேட்டா என் காசு.

போன மாதம் ஒருவருக்குப் பதவி உயர்வு. வாழ்த்து மெயில் எல்லோருக்கும் வந்தது. சரி, நல்ல விடயம். அதற்கு இருபத்தேழு பேர் "வாழ்த்துகள்" என்று எல்லோருக்கும் பதில். அவர் இருபத்தேழு பேருக்கும் தனித்தனியாக "நன்றி", அதுவும் எல்லோருக்கும். நான் கட்டில் நின்று எண்ணினேன்.

இன்னொன்று, இது சிரிக்கிற விடயம் இல்லை. பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் பட்டியல் ஒன்று எக்செலில் வந்தது. பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் காணாமல் போனவர் என்ற விபரம். சீசீயில் அறுபதுக்கு மேல் முகவரிகள். எங்களுக்குத் தேவைப்பட்டது எத்தனை குடும்பம் என்ற எண் மட்டும். தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் நம்பர் அறுபது போனில் கிடப்பது என்றால் என்னவென்று அனுப்பியவர் யோசிக்கவில்லை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் வந்துவிட்டது. சட்டம் வராவிட்டாலும் அவரவர் வீட்டுப் பெண்களின் நம்பர் என்றால் இப்படி அனுப்புவோமா?


அறிவியல்நகர்ப் பொடியன்
புதன், காலை 7.25

குளக்கட்டு அண்ணை சொன்ன இணைப்புக்கு ஒரு கணக்கு. ஜிமெயிலில் எல்லை 25 எம்பி. ஆனால் மெயில் என்பது எழுத்துக்காகச் செய்த வண்டி. படத்தை ஏற்றும்போது அதை எழுத்தாக மாற்றித்தான் ஏற்றும், அப்போது மூன்றில் ஒரு பங்கு எடை கூடும். 18 எம்பி படம் 24 எம்பியாகிவிடும். "23 எம்பிதானே, ஏன் போகவில்லை" என்று அடிபடுகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

வேர்டில் படத்தைத் தொட்டுப் படச் சுருக்கம் என்ற இடத்துக்குப் போய் மின்னஞ்சல் அளவைத் தேர்ந்தால் பெரும்பாலும் பத்தில் ஒன்றாகிவிடும். கூகிள் டிரைவில் போட்டு லிங்கை மட்டும் அனுப்புவது இன்னும் நல்லது. ஆனால் அனுமதியைத் திறந்துவிட்டு அனுப்புங்கள். குளக்கட்டில் ஏறி நின்று லிங்கைத் தொட்டால் "அனுமதி கேட்கவும்" என்று வந்தால் மனிதர் போனைக் குளத்தில் எறிவார். அந்தப் பட்டியல் போன்றவற்றை மட்டும் எல்லோருக்கும் திறந்துவிடாமல், யார் பார்ப்பது என்று பெயர் பெயராகக் கொடுங்கள்.

ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கும் அலுவலகங்களுக்கு: பெறுநர் முகவரியைக் கடைசியாகப் போடுங்கள். முதல் இரண்டு எழுத்தை அடித்தவுடன் அதுவே பெயரை நிரப்பும், அங்கேதான் பிழைக்கும். ஜிமெயில் அமைப்பில் அனுப்பியதை மீளப்பெறும் நேரத்தை 30 செக்கனுக்கு உயர்த்தி வைத்தால் அந்த அரை நிமிடம் கடவுள் தந்தது.


உழவுமெசின்
புதன், காலை 7.40

நன்றி, நன்றி என்று எல்லோருக்கும் போடுகிறவர்களில் நானும் ஒருவன். மரியாதை என்று நினைத்தேன். சரி, விட்டுவிடுகிறேன். ஆனால் ஒன்றும் போடாமல் விட்டால் "இவனுக்குத் தலைக்கனம்" என்பார்களே?


ஓய்வூதியர்
புதன், காலை 9.05

தம்பி, பதிலே வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் காலத்தில் "உமது இன்ன இலக்கக் கடிதம் கிடைக்கப்பெற்றது" என்று ஒரு வரி போகும். அது மரியாதைக்கு அல்ல. ஓமந்தை தாண்டி வன்னிக்குள் போன கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரிய வேண்டும், அதற்கு. உங்கள் மெயிலுக்கும் அதே நியாயம். "கிடைத்தது. வெள்ளிக்கிழமை தருகிறேன்" என்று அனுப்பியவருக்கு மட்டும் ஒரு வரி போடுங்கள். அதில் நன்றியும் சேர்ந்துதான் இருக்கிறது.

பிரதி பற்றி இன்னொரு விடயம். சிலர் ஒரு சின்ன நினைவூட்டலுக்கும் மேலதிகாரியைப் பிரதியில் போடுகிறார்கள். அது கத்தியை மேசையில் வைத்துவிட்டுக் கதைப்பது மாதிரி. நானும் ஒருமுறை செய்தேன். பக்கத்து மேசைக்காரர் ஒரு பட்டியல் தரத் தாமதித்தார். எழுந்து போய்க் கேட்க ஆறு அடி. நான் கேட்கவில்லை, கடிதமாக எழுதி மேலே பிரதி போட்டேன். பட்டியல் அன்றே வந்தது. அதன்பிறகு அவர் ஓய்வுபெறும்வரை என்னோடு தேத்தண்ணி குடிக்கவில்லை.


பனிவன்னியன் (ரொறொன்ரோ)
புதன், இரவு 11.20

ஊர் மெயிலைப் பற்றிக் கதைக்கிறீர்கள், நானும் குற்றவாளிகளில் ஒருவன். இங்கே ஒரு ஊர்ச் சங்கத்தில் இருக்கிறேன், கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு உதவுகிறோம். எனக்கு மதிய இடைவேளை ஒன்றரை மணிக்கு. அப்போதுதான் மெயில் எழுதுவேன். கோடையில் உங்களுக்கு அது இரவு பதினொன்று. குளிர்காலத்தில் நடுச்சாமம். அதிபர் உடனே பதில் போடுவார். நான் "எவ்வளவு சுறுசுறுப்பு" என்று மெச்சிக்கொண்டிருந்தேன். போன வருடம் வந்தபோது அவருடைய மனைவி சொன்னார், "தம்பி, உங்கட மெயில் சத்தம் கேட்டால் இவர் நித்திரையால எழும்பி இருந்து எழுதுவார், காசு அனுப்புகிற ஆக்கள் என்று."

வெட்கமாகப் போய்விட்டது. இப்போது நேரம் குறித்து அனுப்பும் வசதியில், உங்கள் காலை எட்டரைக்குப் போகும்படி வைத்துவிடுகிறேன். அதற்கு எனக்கு இரண்டு தொடுகைதான்.

இங்கே கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் குஷ்லெவ், டன் என்ற இருவர் 124 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2015இல் வெளியிட்டார்கள். ஒரு வாரம் நாளுக்கு மூன்று தடவை மட்டும் மெயில் பார்க்க வேண்டும், இன்னொரு வாரம் விரும்பியபடி பார்க்கலாம். மூன்று தடவை பார்த்த வாரத்தில் மன அழுத்தம் குறைவாக இருந்தது. நானும் அப்படித்தான் செய்கிறேன், காலை, மதியம், மாலை.


குளக்கட்டு
வியாழன், காலை 6.05

அண்ணை, ஆய்வு தேவையில்லை. எனக்குக் குளக்கட்டு காலையும் மாலையும்தான். இரண்டு தடவை. மன அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்று கேட்டுச் சொல்கிறேன்.


உழவுமெசின்
வியாழன், காலை 7.50

எங்கள் அலுவலகப் பெரியவர் ரொறொன்ரோவில் இல்லை, பரந்தனில்தான் இருக்கிறார். அவருடைய மெயிலும் இரவு பதினொன்றுக்குத்தான் வருகிறது. பிரான்சில் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பில் இல்லாமல் இருக்கும் உரிமை 2017இலிருந்து சட்டத்தில் இருக்கிறதாம். இதை அவருக்கு மெயிலில் அனுப்பலாமா?


ஓய்வூதியர்
வியாழன், காலை 8.15

அனுப்பாதே. தேத்தண்ணி நேரத்தில் நேரே கேள்: "சேர், இரவில் வருவதற்கு உடனே பதில் எதிர்பார்க்கிறீர்களா, காலையில் போட்டால் காணுமா?" பாதிப் பெரியவர்கள் மறந்துபோகும் முன்னே எழுதிவைப்பதற்காகத்தான் இரவில் அனுப்புவது. "காலையில் பார்த்தால் போதும்" என்று ஒரு வரி போட அவர்களுக்குத் தோன்றுவதில்லை.


ஏ9 பயணி (மாங்குளம்)
வியாழன், காலை 10.30

ஒருவரும் தொடாத ஒன்று. கொழும்பிலிருந்து சிங்களத்தில் ஒரு ஸ்கான் பிரதி வரும், மெயில் உடல் வெறுமை, தலைப்பு "மிக அவசரம்". எங்கள் அலுவலகத்தில் சிங்களம் வாசிக்கக்கூடியவர் ஒருவர். அவர் லீவு என்றால் அவசரமும் லீவு. தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் எழுதியாகிவிட்டது. அது கிடக்கட்டும். என்ன விடயம், எத்தனையாம் திகதிக்குள் என்று தலைப்பில் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஐந்து சொல் போட்டால் நாங்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வோம். நான் ஒருமுறை போன் எடுத்துப் பணிவாகவே கேட்டேன். அதன்பிறகு அந்த ஒரு அம்மா மட்டும் போடுகிறார். முகம் தெரியாத அந்த அம்மாவுக்கு முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் ஒரு தேங்காய் உடைக்க வேண்டும்.


பாலைப்பழம்
வியாழன், இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. (ஓம், எல்லோருக்கும்தான் போடுகிறேன், குளக்கட்டு அண்ணை மன்னிக்க வேண்டும்.)

இன்று பயிற்சி நடந்தது. பத்தொன்பது பேரில் பதினாறு பேர் வந்தார்கள். கூலி வேலையை விட்டு வந்த அந்த அக்கா வரவில்லை. இன்னொரு நாளை விட அவவால் முடியாது. அவ வீட்டுக்கே ஒரு பின்னேரம் கணக்குப் புத்தகத்தோடு போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

புதன் காலையிலேயே பொடியன் எழுதித் தந்த அச்சில் ஒரு மெயில் போட்டேன். தலைப்பு: "உறுதி – கணக்குப் பயிற்சி நாளை வியாழன் 9.30, மண்டபத் திறப்பு என்னிடம்". உள்ளே மூன்று வரி. கள உத்தியோகத்தர்கள் மட்டும் பெறுநர், ஒவ்வொருவர் பெயரும் போட்டு. சீசீயில் ஒருவரும் இல்லை. பணிப்பாளரைப் போடக் கை போனது, எடுத்துவிட்டேன். இரண்டு மணிக்குள் ஐந்து பேர் "சொல்லியாச்சு" போட்டார்கள்.

ஆறாவது ஆள் அந்த மல்லாவித் தம்பி. இரண்டு மணிக்கு நான் போனை எடுக்கப் போக, அவரே எடுத்துவிட்டார்.

"மிஸ், எல்லாருக்கும் சொல்லியாச்சு. மெயிலும் போட்டுவிட்டேன். அது வந்ததா என்று கேட்கத்தான் எடுத்தேன்."